காற்றில் விழுந்த மரம்

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது ஐந்து, அக்காள் விட்டுப்போன இரண்டையும் சேர்த்து ஏழு பேரை ஆளாக்கினேன். பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு சரி. ஆனாலும் நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிற, சேலத்துக் காலேஜில் படிக்கிற பேத்தி தன் சமூகவியல் பாடத்தைச் சொன்னபோது, எனக்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை. சட்டம் எதற்கு என்று அந்தக் காலத்து வெளிநாட்டுப் பெரியவர்கள் யோசித்தார்களாம். சொத்துக்காரனுக்குக் காவல் நிற்பதுதான் சட்டம் என்றாராம் ஒருவர். தண்டிப்பது தப்புச் செய்தவனுக்காக அல்ல, செய்யாத மற்றவர்கள் ஒன்றாக நிற்பதற்காக என்றாராம் இன்னொருவர். மீறினால் பிடிக்க ஆள் இருந்தால்தான் அது சட்டம், அதையும் ஜனங்கள் மனசார ஒப்பினால்தான் நிலைக்கும் என்று வேறொருவர். எல்லாவற்றையும் நான் ஒன்பது வயதில், மலைமேல் மாரமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரிலேயே பார்த்துவிட்டேன்.

அந்த வருடம் மழையில் சித்தப்பாவின் வீட்டுக்கூரை உட்கார்ந்துவிட்டது. சித்தி பிள்ளை பெற்று எட்டு நாள். சித்தப்பா ஒருவரையும் கேட்காமல் கோயில் காட்டில் ஒரு மரத்தை வெட்டி, உத்திரம் போட்டு, மேலே புல்லும் வேய்ந்துவிட்டார். அந்தக் காட்டில் நாங்கள் சுள்ளிகூடப் பொறுக்க மாட்டோம்.

ஊர் கூடி அவரைத் தள்ளி வைத்தது. யாரும் பேசக்கூடாது, அடுப்புக்கு நெருப்புத் தரக்கூடாது, சுனையில் அவர்கள் குடம் வைக்கக்கூடாது. முதலில் சரி என்றவர் என் அப்பா, சித்தப்பாவின் சொந்த அண்ணன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு மண்சுவர்தான். பச்சைப்பிள்ளை அழுவது கேட்கும். அம்மா அடுப்பையே பார்த்துக்கொண்டிருப்பாள். வரப்புச் சண்டையில் ஐந்து வருடமாக முகம் பார்க்காத இரண்டு பேர் அந்த வாரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சித்தப்பாவை ஏசினார்கள்.

ஆறாம் நாள் பக்கத்து எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஒரு போலீஸ்காரரோடு ஜீப்பில் வந்தார். கோயில் காடு எஸ்டேட் எல்லைக்குள் வருகிறதாம், காகிதம் இருக்கிறதாம். எங்கள் சாமி எப்போது அந்தக் காகிதத்தில் குடியேறியது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. வெட்டியவன் யாரென்று சொன்னால் இப்போதே ஏற்றிக்கொண்டு போய்விடுவோம் என்றார் ரைட்டர். சித்தப்பா ஜெயிலுக்குப் போனால் சித்தியும் பிள்ளையும் என்ன ஆவார்கள் என்பது எனக்கே தெரிந்தது.

சித்தப்பா தனியாக, பலாமரத்தடியில் நின்றார். அந்தப் பக்கம் யாரும் திரும்பவில்லை.

"யாருய்யா வெட்டுனது?" என்று போலீஸ்காரர் அப்பாவைக் கேட்டார்.

"காத்துல விழுந்துருச்சுங்க."

"காத்து கோடாலி கொண்டாந்துச்சா?"

ஊர்ப் பெரியதனக்காரர் குறுக்கே வந்தார். "ஏனுங்க, எங்க மலைக்காத்து நொம்பப் பொல்லாததுங்க."

ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. காற்றடித்தது எந்தக் கிழமை என்பதைக்கூட வரப்புச் சண்டைக்காரர்கள் இருவரும் ஒன்றுபோலச் சொன்னார்கள். போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். சித்தப்பா கோடாலியோடு போனதைக் கண்ணால் கண்டவள் நான். கால்விரலைப் பார்த்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் ஜீப் இறங்கிப் போய்விட்டது.

சித்தப்பா தப்பித்துவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் கூட்டம் கலையவும் இல்லை, அவரோடு பேசவும் இல்லை. அவராகவே மெல்ல வந்து, ஊரின் முன்னால் ஈர மண்ணில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். யாரும் விழச் சொல்லவில்லை. பெரியதனக்காரர் அவரை அப்படியே வெகுநேரம் கிடக்கவிட்டார். பிறகு அப்பாவைப் பார்த்தார், அப்பா தலையாட்டினார்.

"எந்திரிடா. போய் உன்ற ஊட்டுல சோறாக்கு. நாங்க சாப்புட வர்றோம்."

எழுந்த சித்தப்பா விம்மி விம்மி அழுதார். போலீஸ் வந்து நின்றபோதுகூடக் கலங்காத மனுஷர், எல்லாம் முடிந்த பிறகு எதற்கு அழுகிறார்? ஜீப் போனதுமே தன் பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருக்கலாமே என்றுதான் அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

ஏங்கண்ணு, எழுதுனத ஒருக்கா படிச்சுக் காட்டு சாமி. வெரசாப் படிக்காத.