முதல் நாள் படத்தில் தெரியாத முறிவு

சந்திரகிரியைத் தாண்டும்போது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. திருப்பதியில் வேலை பார்த்த நர்சிங் ஹோமை விட்டுக் காலையில் கிளம்பி, சித்தூர் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. டாக்டர் திட்டினார், அவ்வளவுதான். அங்கே இருக்க முடியவில்லை. அதற்கு முன்பும் ஐந்தாறு வேலைகளை விட்டுவிட்டு இப்படி நடந்திருக்கிறேன். இந்த முறைதான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

ஆந்திரா தனியாகி, எல்லை ஊர்கள் எந்தப் பக்கம் என்று பேசிக்கொண்டிருந்த காலம். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்ட எனக்கு அங்கே எக்ஸ்ரே அறையில் வேலை கிடைத்தது. கேசட் என்கிற தட்டைப் பெட்டியில் பிலிம் போட வேண்டும். டார்க் ரூமில் அதைப் படம் தெரிய டெவலப்பர் கரைசலில் முக்கி, படம் நிலைக்க ஹைப்போ கரைசலில் போட்டு, கழுவிக் காயவைக்க வேண்டும்.

டாக்டர் படம் பார்க்கும்போது பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டேன். எலும்பின் வெள்ளை ஓரத்தைக் கண்ணால் தொடர்ந்து போக வேண்டும். ஓரம் எங்கே அறுந்திருக்கிறதோ அங்கே முறிவு. கறுப்புக் கோடு குறுக்கே ஓடினால் பெரும்பாலும் நேராகப் பட்ட அடி. சுருண்டு ஏறினால் முறுக்கிக்கொண்ட கால். பல துண்டுகளாகக் கிடந்தால் லாரியோ பாறையோ. சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் விரிசல் விட்டு, மறுபக்கம் பச்சைக் குச்சி மாதிரி வளைந்திருக்கும். அதைக் கிரீன்ஸ்டிக் என்பார்கள்.

இவ்வளவு தெரிந்ததும் எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஈரப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, வெளியே காத்திருப்பவர்களுக்கு நானே முடிவு சொல்வேன். சின்ன டாக்டர் என்றுகூடச் சிலர் கூப்பிட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

முனிரத்தினம் திருமலைப் படிகளில், நடக்க முடியாதவர்களை நாலு பேராக டோலியில் தூக்கிப் போகிறவர். நகரிப் பக்கத்துக் குடியானவர். கிணறு வற்றி மலைக்கு வந்தவர். படியில் வழுக்கி, வலது உள்ளங்கையை ஊன்றி விழுந்திருந்தார்.

"உங்க ஊரு எந்தப் பக்கம்ணா போவுது? மெட்ராஸா, ஆந்திராவா?" என்று அவர் கையைக் கேசட்டின் மேல் வைத்தபடி கேட்டேன்.

"எந்தப் பக்கம் போனா இன்னா நைனா? மழை ரெண்டு பக்கமும் பெய்யல."

நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று எடுத்தேன். ஓரங்கள் எங்கும் அறுந்திருக்கவில்லை.

"ஒடஞ்சிக்கீதா?"

"ஒண்ணும் ஒடயலணா. நரம்பு பெசகியிருக்கும். எண்ணெ தேச்சிக்குங்க."

"டாக்டரு ஆபரேசன்ல கீறாராமே. எங்காளுங்க மூணு பேரு மலையடியில நின்னுக்கினு கீறாங்க. நான் போவலன்னா வேற ஆளச் சேத்துக்குவாங்க."

"அவரும் இதத்தான் சொல்லுவாரு. நீங்க போங்க."

சிரித்துக்கொண்டே போனார்.

டாக்டர் வந்து படத்தைப் பார்த்தார். "கட்டை விரலுக்கு அடியில அழுத்திப் பாக்கணும். ஆள் எங்கே?"

"போய்ட்டாருங்க" என்றேன். நான் சொன்னதைச் சொல்லவில்லை. மலையடிவாரம் எட்டிவிடுகிற தூரம்தான். ஓடிப்போய்க் கூப்பிட்டிருக்கலாம். போகவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். மணிக்கட்டில், கட்டை விரல் பக்கம், ஸ்கேஃபாய்டு என்று முந்திரிக்கொட்டை மாதிரி ஒரு எலும்பு உண்டு. அதில் விழும் மயிரிழை முறிவு முதல் நாள் படத்தில் தெரியாமல் போகலாம். பத்து பதினைந்து நாளில் முறிந்த ஓரம் கரைந்த பிறகுதான் கோடு தெரியும். அந்த இடத்தில் வலி இருந்தால், படம் சுத்தமாக இருந்தாலும் மாவுக்கட்டுப் போட்டு, மறுபடி படம் எடுப்பார்கள்.

முனிரத்தினம் நான்கு மாதம் கழித்து வந்தார். படத்தில் கோடு நன்றாகவே விரிந்திருந்தது. அந்தச் சின்ன எலும்பின் ஒரு பாதி மற்ற எலும்புகளைவிட வெள்ளையாக இருந்தது. வெள்ளை என்றால் உறுதி என்று அதுவரை நினைத்திருந்தேன். ரத்தம் போகாமல் சாகிற எலும்புதான் அப்படித் தெரியும் என்று டாக்டர் சொன்னார்.

"இத்தன நாளு என்ன செஞ்ச?" என்று அவரைக் கேட்டார்.

"இந்தத் தம்பிதான் ஒண்ணும் இல்லன்னு சொல்லிச்சு சாமி. வலியோட தூக்கிக்கினே இருந்தேன்."

டாக்டர் என் பக்கம் திரும்பித் தெலுங்கும் தமிழுமாகக் கத்தினார். "ஏம்ரா, நுவ்வு டாக்டரா? உனக்கு எவன்ரா பட்டம் குடுத்தான்?"

"உடுங்க சாமி" என்றார் முனிரத்தினம். "இந்தத் தம்பியா என் கைய ஒடச்சிச்சு? டோலிக் கம்ப இறுக்கிப் புடிக்க முடியல. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

வேலூருக்குப் போய் ஆபரேஷன் செய்துகொள்ளலாம், எலும்பு ஒட்டினாலும் இனிப் பாரம் தூக்குவது சந்தேகம் என்றார் டாக்டர்.  முனிரத்தினம் இடது கையால் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். மன்னிப்புக் கேட்காமல் நான் டார்க் ரூமுக்குள் போய்விட்டேன். மறுநாள் காலையில்தான் நான் கிளம்பினேன்.

சந்திரகிரிக்கு அப்பால் ஒரு வெல்ல லாரி ஏற்றிக்கொண்டது. அடுத்த நாள் விடிந்ததும் சித்தூரில் ஒரு ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றேன். எங்கே வேலை பார்த்தேன் என்று கம்பவுண்டர் விசாரித்தார்.

"எக்ஸ்ரே ரூம்லயா? அப்ப படம் பாக்கத் தெரியும்."

"தெரியாதுங்க."

"மாவுக்கட்டு ரூம்ல ஆளு வேணும். கட்டுத்துணி நனைக்கணும், கைகால அசையாமப் புடிச்சிக்கணும். செய்வியா?"

"செய்றேங்க."

அன்றே நான் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைக்கும்போது, கடலைக் களத்தில் விழுந்த ஒரு பெண் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கையில் அப்போதுதான் எடுத்த படம் இருந்தது.

"ஒடஞ்சிக்கீதாண்ணா? இல்லன்னா நான் களத்துக்குப் போவணும்."

"டாக்டர் வந்துருவாரும்மா. உக்காரு" என்றேன். படத்தை வாங்கிப் பார்க்காமல் மேஜையில் வைத்தேன். அவள் எழுந்து போய்விடாதபடி, டாக்டர் வரும்வரை கதவை மறித்துக்கொண்டு நின்றேன்.