ஏழாம் கட்டிலின் காலை மாத்திரை

என் அக்கா மகள் பிரேமினி மருத்துவப் படிப்பின் கடைசி வருஷத்தில் இருக்கிறாள். அவள் அப்பாவுக்கு ஹட்டன் டவுனில் தையல் கடை. இப்போது மலைநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில், பெண்கள் வாட்டில் பயிற்சி. நான் வெளிநாட்டிலிருந்து போன் எடுத்து, சாப்பிட்டாயா, ஸ்வெட்டர் போட்டாயா, ஏன் குரல் கம்மியிருக்கிறது என்று கேட்டு அவளைப் படுத்துவேன். அவள் பதிலுக்கு நோயாளிகளைப் பற்றிச் சொல்வாள். போன பங்குனியில் பேச்செல்லாம் அழகம்மாவைப் பற்றித்தான்.

அழகம்மா லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவர்; லயம் என்னும் வரிசை வீடுகளில் ஓர் அறையில் குடியிருப்பவர். இதயம் பலவீனம். உடம்பில் நீர் கோர்த்துக் கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும். அந்த நீரைச் சிறுநீராக வெளியேற்றத் தினமும் காலையில் ஒரு மாத்திரை. வாட்டில் அதைக் கொடுத்தால் சில நாளில் வீக்கம் வடிந்துவிடும். வீட்டுக்கு அனுப்பினால் திரும்ப வந்துவிடுவார். இது மூன்றாம் தடவை.

பக்கத்துக் கட்டிலில் செரீபா, டவுனில் பலசரக்குக் கடை வைத்திருப்பவரின் மனைவி. செரீபாவுக்கு வாய் சும்மா இருக்காது.

"அழகம்மாக்கா, இந்தக் கட்டில ஒங்க பேருக்கே எழுதித் தரச் சொல்லவா?"

"தரட்டும். லயத்துக் காம்பராவுல இவ்வளவு எடம் ஏது?"

பெரிய டொக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னொரு தடவை நுரையீரலில் நீர் ஏறினால் இந்த இதயம் தாங்காது என்று பிரேமினியிடம் ஆங்கிலத்தில் சொன்னார். அழகம்மாவின் ஏழாம் கட்டில் பிரேமினியின் பொறுப்பு. காரணத்தைக் கண்டுபிடிப்பதும் அவள் வேலை. உப்பைப் பற்றிக் கேட்டாள், கருவாட்டைப் பற்றிக் கேட்டாள், மாத்திரையைப் பற்றிக் கேட்டாள். எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது என்றார் அழகம்மா. பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள் என்று கொஞ்சம் கடிந்தும் பார்த்தாள். அதற்கும் அழகம்மா தலையாட்டினார்.

துண்டுச்சீட்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் காலையில், நர்ஸ் மாத்திரையைக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். அழகம்மா அதை வாயில் போடாமல் முந்தானையில் முடிந்துகொண்டார். பார்த்துவிட்ட பிரேமினி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஏன் என்று மெதுவாகக் கேட்டாள்.

"பஸ்ல போகணுமே பாப்பா. இதப் போட்டா அடக்க முடியாது. நடுவழியில எறக்கி விடுவானா?"

"அப்ப மலைக்கு வேலைக்குப் போற அன்னிக்கு?"

அழகம்மா செரீபாவின் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"மலையில எங்க ஒதுங்குறது? மேல ரோட்டுல கங்காணி நிப்பாரு, கீழ ஆம்பளைங்க வேல செய்வாங்க. கொழுந்த விட்டுட்டு லயத்துக்கு ஓடிக்கிட்டிருந்தா நிறுவைல கொறஞ்சிரும், அரைப் பேருதான் போடுவாங்க, பாதி நாள் சம்பளந்தான் கெடைக்கும். அதான் வேல இல்லாத அன்னிக்கு மட்டும் போடுவேன். பெரிய டொக்டர் ஐயாக்கிட்ட இதப் போயி எப்படி சொல்றது?"

தேயிலை மலைகளைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்து வளர்ந்தவள் பிரேமினி. அங்கே நிற்கும் பெண்கள் எங்கே ஒதுங்குவார்கள் என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லையாம்.

பெரிய டொக்டர் கிளினிக்கில் இருந்தார். நடுவில் போய் நின்றால் அவருக்குப் பிடிக்காது. ஆனாலும் அழகம்மா பஸ் ஏறிவிட்டால் பிறகு பேசி என்ன பயன்? உள்ளே போய், ஒதுங்க இடமில்லாததையும் அரைப் பேரையும் ஆங்கிலத்தில் ஒன்று விடாமல் சொன்னாள். மாத்திரை நேரத்தை மாற்றலாமா என்றும் கேட்டாள்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். வேலை எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்டார். நாலரைக்கு என்றாள். அவர் எழுந்து அவளோடு வாட்டுக்கே வந்து, தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் அழகம்மாவிடம் சொன்னார்: "காலையில வேணாம். வேலை முடிஞ்சி, வீட்டுல, அஞ்சு மணி. தினமும்."

அழகம்மா எழுந்து நிற்கப் பார்த்தார். டொக்டர் கையமர்த்திவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் கிளினிக்குக்கு அழகம்மா மூச்சு வாங்காமல் நடந்து வந்தார். பிரேமினி குனிந்து அவர் கணுக்காலைப் பெருவிரலால் அழுத்தினாள். குழி விழவில்லை; வீக்கம் இல்லை. தினமும் போடுகிறீர்களா என்று கேட்டாள்.

"போடுறேன் பாப்பா. டீவியில நாடகந்தான் ஒழுங்கா பாக்க முடியல. எந்திரிச்சி எந்திரிச்சி ஓட வேண்டியிருக்கு. மருமக பாத்துட்டு கதை சொல்றா. அவ சொல்றதுல பாதி பொய்."