எடை சரியாக இருந்த பெட்டி

எங்கள் கடை வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை நிற்கிறது. ‘முப்பது நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம், கேள்வியே கிடையாது’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். அதை எழுதிய புண்ணியவான் திருப்பி வாங்கும் கவுன்டரில் ஒரு நாள்கூட உட்கார்ந்திருக்க முடியாது. அங்கே பதினாறு வருடம் உட்கார்ந்திருந்தவர் தராசு அக்கா.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. மிக்ஸி, குக்கர், ஃபிரிட்ஜ், தையல் மிஷின் என்று வீட்டுச் சாமான் விற்கும் மூன்று மாடிக் கடை எங்களுடையது. பிடிக்கவில்லை என்று திரும்பி வரும் பெட்டியை அக்கா வாங்கிக் கையெழுத்துப் போடுவார். அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில் மெக்கானிக்காகிய நான் அதை ஓட்டிப் பார்த்து, பழையபடி கட்டி, கோடவுனுக்கு அனுப்புவேன். அதனால் நம் மக்களின் நேர்மையைப் பற்றி எனக்கு ஓரளவு தெரியும்.

பிரின்டர் வாங்கி, அதிலிருக்கும் இங்க்கை மட்டும் கழற்றிக்கொண்டு, ‘கலர் சரியில்ல’ என்று திருப்பித் தருபவர் ஒருவர். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வருவார், நலம் விசாரிப்பார். குக்கர் வாங்கிப் புது ரப்பரை உருவிக்கொண்டு, வீட்டில் விரிந்துபோன பழைய ரப்பரை மாட்டி, ‘விசில் சத்தம் எங்க மாமியாருக்கு ஒத்துக்கல’ என்று கொண்டுவந்த அம்மா ஒருவர். எல்லோருக்கும் மேலே ஒரு மகானுபாவர் இருந்தார். வண்டி வைத்து ஒரு ஃபிரிட்ஜை வீட்டுக்கு ஏற்றிப்போய், இரண்டே நாளில் அதே வண்டியில் திருப்பி ஏற்றி வந்தார். உள்ளே காய்கறி வைக்கும் டிரே மட்டும் விரிசல் விட்டு, மஞ்சள் பாரித்துப் போயிருந்தது. ஒரு டிரேக்காக இவ்வளவு பாடா என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த டிரேயை மட்டும் தனியாகக் கேட்டால் எங்கள் கடையில் கிடைக்காது. முழு ஃபிரிட்ஜ் உடனே கிடைக்கும்.

கேள்வி கேட்கக் கூடாது என்பது கம்பெனி உத்தரவு. அக்கா உத்தரவை மீறுகிறவர் இல்லை. பார்சல் எடை போடும் மேஜைத் தராசு ஒன்று கோடவுனில் தூசி படிந்து கிடந்தது. அதைத் துடைத்து கவுன்டரில் வைத்தார். ஒவ்வொரு மாடலும் புதுப் பெட்டியோடு எத்தனை கிலோ எத்தனை கிராம் என்று நிறுத்து, ஒரு நீள நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார். பெட்டி வந்ததும் தராசில் வைப்பார். நோட்டைப் பார்ப்பார். பிறகு ஆளைப் பார்ப்பார். அவ்வளவுதான், வாயே திறக்க மாட்டார். பாதிப் பேர் தாங்களாகவே, “அட, ஒரு சாமான வீட்லயே வச்சிட்டேன் போல” என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டுவார்கள்.

மிச்சப் பாதி சும்மா இருக்குமா? எடை பார்க்கிறார்கள் என்ற சேதி ஊருக்குள் பரவியதும் எடையைச் சரிக்கட்ட ஆரம்பித்தார்கள். ஈரத் துணி வைத்தார்கள், செங்கல் துண்டு வைத்தார்கள். ஒரு மிக்ஸிப் பெட்டியில் சின்ன ஜாருக்குப் பதிலாக ஒரு பாக்கெட் உப்பு இருந்தது. அக்கா அதை எடுத்து, பெட்டி கொண்டுவந்தவர் முன்னால் வைத்து, “உப்ப வீட்டுக்கு எடுத்துட்டுப் போறீங்களா, இல்ல அதுவும் பிடிக்கலையா?” என்று கேட்டார். அது கேள்விதான். மனிதர் உப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒருவர் கையெழுத்துப் போட்டு வாங்கிய பொருளில் மூன்று முறை குறை தெரிந்தால் அவரைக் கோடவுனுக்கு மாற்ற வேண்டும். கேள்வி கேட்காமல் வாங்கவும் வேண்டும், குறையில்லாமல் வாங்கவும் வேண்டும். இதை யோசித்தவர்கள் ஏசி அறையில் நல்ல நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

அக்காவுக்கும் நாற்காலிதான் பிரச்சினை. எங்கள் கோடவுனில் நாற்காலி கிடையாது. எட்டு மணி நேரமும் சிமென்ட் தரையில் நின்றுகொண்டே பெட்டி எண்ண வேண்டும். அக்காவுக்கு ஐம்பத்துநாலு வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்துபோயிருந்தன. பஸ்ஸில் ஏறக் கம்பியைப் பிடித்த பிறகும் ஒரு நிமிடம் யோசித்துத்தான் காலைத் தூக்குவார். வீட்டில் அவரும் நாத்தனாரும் மட்டும்தான். சாயங்காலம் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே நாத்தனார், “உங்க கடையில முட்டிய மாத்திக் குடுப்பாங்களான்னு கேளுங்க அண்ணி, முப்பது நாள் தாண்டிடுச்சுன்னா சொல்லப் போறாங்க” என்பாளாம். அக்கா இதைச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிச் சிரிப்பார். வேலையை விட முடியாது, அந்த வீடு ஓடுவதே இவர் சம்பளத்தில்.

ஆறு மாதத்தில் இரண்டு குறை விழுந்துவிட்டது. ஒன்று, பழைய குழாய்க்குச் சாயம் அடித்து வைத்த வாக்குவம் கிளீனர். இன்னொன்று, உள்ளே மோட்டாரையே மாற்றி வைத்த கிரைண்டர். இரண்டிலும் எடை கிராம் பிசகாமல் இருந்தது. இன்னும் ஒன்று விழுந்தால் நாற்காலி போய்விடும்.

அன்றிலிருந்து அக்கா வேறு கணக்குப் போட்டார். “நல்லவங்க கொண்டு வர்ற பெட்டி எப்பவும் கொஞ்சம் குறையும் தம்பி,” என்றார் என்னிடம். “கவரக் கிழிச்சிருப்பாங்க, தெர்மாகோல் ஒடஞ்சிருக்கும், புத்தகத்துல புள்ள கிறுக்கியிருக்கும். திருடன்தான் ஒண்ணு விடாம அடுக்கிக் கொண்டு வருவான். எட சரியா இருந்தாத்தான் இனிமே நான் பயப்படணும்.” எனக்கும் அது சரியாகவே பட்டது. மண்டையை ஆட்டினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை கவுன்டரில் பத்துப் பேர் வரிசையாக நின்றார்கள். நாலாவது ஆளாக ஒரு தையல்கார அம்மா. கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது, கழற்ற மறந்து வந்திருக்கிறார். கரன்டில் ஓடும் தையல் மிஷின் ஒன்றைத் திருப்பிக் கொண்டுவந்திருந்தார். “தடிச்ச துணி குடுத்தா நின்னுடுதும்மா,” என்றார். அக்கா பெட்டியைத் தராசில் வைத்தார். நோட்டில் என்ன இருந்ததோ அதுவே தராசிலும் இருந்தது. மூடியைத் திறந்தால் ஒயரைச் சுற்றியிருந்த கம்பிகூட மறுபடி முறுக்கப்பட்டிருந்தது. ஈரம் உறிஞ்சுவதற்குப் போடும் சின்னப் பொட்டலம் அதன் மூலையிலேயே இருந்தது.

அக்காவின் முகம் மாறிவிட்டது. “தம்பி, இங்க வாங்க. எல்லாத்தையும் பிரிச்சு வைங்க,” என்று என்னைக் கூப்பிட்டார்.

கவுன்டர் மேல் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, வரிசை மொத்தமும் எட்டிப் பார்க்க, மிஷினின் அடித்தகடு வரை கழற்றினேன். யாரோ பின்னாலிருந்து, “பாத்தா அப்படித் தெரியல” என்றார். இன்னொருவர், “யார நம்புறது” என்றார். அவரை எனக்குத் தெரியும், பிரின்டர் இங்க்கைக் கழற்றிக்கொள்ளும் நம் ஆள்தான். ஊசி, துணியை அழுத்தும் கால், ஸ்க்ரூ, அடிநூல் சுற்றும் பாபின், அது உட்காரும் பாபின் கேஸ், எல்லாம் புதுசு, எல்லாம் அந்த மிஷினுடையது. ஒரு குண்டூசிகூடக் குறையவில்லை.

தையல்கார அம்மா கண் கலங்க நின்றார். “உங்களப் பத்தி எங்க தெருவுல எல்லாரும் சொன்னாங்கம்மா, கிராம் கணக்குல பாப்பாங்கன்னு. பயந்துக்கிட்டே மூணு தடவ பிரிச்சு மூணு தடவ அடுக்கினேன்,” என்றார்.

அக்கா எழுந்து நின்றார். அவர் சும்மா எழுந்து நான் பார்த்ததே இல்லை. “என்ன மன்னிச்சிடுங்கம்மா. இந்த வேல என்ன இப்படி ஆக்கிடுச்சு,” என்றார். அவரை பெஞ்சில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

நான் துணியை நாலு மூலையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு என் அறைக்குப் போனேன். ஸ்டூலில் உட்கார்ந்து மிஷினைப் பூட்டினேன். கடைசியில் பாபின் கேஸைத் தேடினால் காணோம். மேஜைக்கு அடியில் பார்த்தேன், குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு இரும்புத் துண்டு, அரை மணி நேரம் ஆட்டம் காட்டியது. அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார்.

விஷயத்தைக் கேட்டதும் அவர் அதிகம் யோசிக்கவில்லை. “குறைன்னு எழுதிடுங்க. அந்தம்மாவுக்குப் பணம் கெடையாது, உங்க கணக்குலயும் ஏறாது. வாங்கினாத்தான மூணாவது?” என்றார் அக்காவிடம். அவர் கெட்டவர் இல்லை, அக்காவைக் காப்பாற்றத்தான் சொன்னார். பிறகு ஒப்புக்கு என் பக்கம் திரும்பி, “பிரிச்சப்போ இருந்துச்சா?” என்று கேட்டார்.

இருந்தது. என் கையால்தான் துணியில் வைத்தேன். ஆனால் இருந்தது என்று சொன்னால் தொலைத்தது நான் என்று ஆகும். என் வேலை வருடா வருடம் புதுப்பிக்கிற காகிதத்தில் ஓடுகிறது.

“கவனிக்கல சார்,” என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. எடை பார்த்து நோட்டைப் பார்த்த பிறகு ஒரு பார்வை பார்ப்பாரே, அதுதான். என்னைப் பற்றி மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. “நான் கவனிச்சேன் சார். அந்தம்மா முழுசாத்தான் குடுத்தாங்க,” என்றார். படிவத்தில் ‘முழுமையாகப் பெறப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தையல்கார அம்மா பணத்தை வாங்கிக்கொண்டு போனார். அடுத்த திங்கட்கிழமை அக்கா கோடவுனுக்குப் போனார்.

பாபின் கேஸ் அன்று சாயங்காலமே கிடைத்துவிட்டது. வீட்டில் பேன்ட்டைத் துவைக்கப் போட்ட என் மனைவி கால் மடிப்பை உதறினாள். தரையில் டிங் என்று விழுந்தது. “என்னங்க இது, வேணுமா?” என்றாள். வேணும் என்று வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். மறுநாள் காலை முதல் வேலையாகச் சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பினேன். மேனேஜர் பிசியாக இருந்தார். அதற்கு மறுநாள் நான் பிசியாக இருந்தேன். பிறகு அது என் டிராயருக்குள் போய்விட்டது.

மூன்று வாரம் கழித்துத் தையல்கார அம்மா மறுபடி வந்தார். கவுன்டரில் வேறு ஒரு பெண் இருப்பதைப் பார்த்துத் தயங்கி, என் அறை வாசலில் வந்து நின்றார். கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து ஒரு பாபின் கேஸை எடுத்து நீட்டினார்.

“என் பழைய மிஷினோடதுங்க. அளவு ஒண்ணுதான், போட்டுப் பாத்துக்குங்க,” என்றார். “இது காணாமப் போயும் எனக்குப் பணம் குடுத்ததாலதான் அவங்கள நிக்க வச்சிட்டாங்கன்னு எங்க தெருவுல சொன்னாங்க. இத வச்சு அவங்கள மறுபடி உக்கார வைக்க முடியுமா?”

“அப்ப உங்க மிஷின்?” என்று கேட்டேன்.

“நான் கையால தெச்சுக்குவேன், அவசரத்துக்கு.”

என் கை நீண்டு அதை வாங்கிக்கொண்டது. பேசிப் பார்க்கிறேன் என்று வாய் சொன்னது. அவர் நம்பிப் போய்விட்டார். ‘பொருள் அந்தம்மா வீட்டில்தான் இருந்ததாம் சார், கொண்டுவந்து கொடுத்துவிட்டார்’ என்று மேனேஜரிடம் சொன்னால் காரியம் ஐந்து நிமிடத்தில் முடியும். அக்காவுக்கு நாற்காலி கிடைக்கும், எனக்கும் ஆபத்தில்லை, அந்த அம்மாவுக்குத்தான் திருடி என்று பெயர் வரும். அந்த அளவுக்கு நான் இறங்கவில்லை. அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருக்கிறது. உண்மையைச் சொல்லும் அளவுக்கு ஏறவும் இல்லை.

இத்தனை வருடத்தில் குறைவாகக் கொடுத்தவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். கூடுதலாக ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்த ஒரே வாடிக்கையாளர் அவர்தான், அதையும் நான் வைத்துக்கொண்டேன். டிராயரில் இப்போது இரண்டு இருக்கின்றன. மத்தியானம் சாப்பிட மட்டும் அக்கா என் அறைக்கு வருகிறார், கோடவுனில் உட்கார இடமில்லை என்று. என் ஸ்டூலை அவருக்குக் கொடுத்துவிட்டு, டிராயரை மறைத்தபடி நான் நின்றுகொள்கிறேன்.