மூடிய கதவை உலுக்குகிறவர்

பக்கத்தைத் திறந்து, பட்டனைத் தட்டி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அதே பட்டனை இன்னொரு முறை தட்டுகிறார். பிறகு நாற்காலியை உருட்டிக்கொண்டு அடுத்த கணினிக்குப் போகிறார். அங்கேயும் அதே பக்கம், அதே பட்டன். பிரவுசர் மட்டும் வேறு. அது முடிந்தால் மேஜையில் வரிசையாகக் கிடக்கும் பழைய கைபேசிகள். ஒவ்வொன்றையும் நிமிர்த்திப் பார்க்கிறார், படுக்கவைத்துப் பார்க்கிறார், விட்டால் தலைகீழாகவும் தொங்கவிடுவார். மேஜைக்கு அடியில் வலது கால் ஆடிக்கொண்டே இருக்கிறது. எதிர் மேஜைக்காரர் தண்ணீர்ப் பாட்டிலைத் தரையில் வைப்பதற்குக் காரணமே அந்தக் கால்தான்.

அலுவலகத்தில் இவருக்கு உலுக்கல் அக்கா என்று பெயர். மருத்துவமனைகளுக்கு வெப்சைட் செய்து கொடுக்கும் நிறுவனம் அது. டாக்டரைப் பார்க்க வீட்டிலிருந்தே நேரம் வாங்கும் பக்கம், எந்த பிரவுசரில் திறந்தாலும் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்ப்பது அக்காவின் வேலை. "வர்றவங்க எந்த வாசல் வழியா வேணா வருவாங்க. எல்லாக் கதவையும் நாமதான் உலுக்கிப் பாக்கணும்" என்பார். ஒரு பிழை அகப்பட்டால் போதும், அவர் முகம் மலர்ந்துவிடும். அந்தப் பக்கத்தை எழுதிய புரோகிராமர்களுக்கு வயிறு எரியும்.

வீட்டிலும் இதே கதைதான். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போவார்; மனசு கேட்காமல் திரும்பி வந்து மறுபடியும் இழுப்பார். குடை வாங்கப் போனால் கடையிலுள்ள அத்தனை குடையையும் விரித்தாக வேண்டும். "இவ்வளவு பாக்கறவ, என்னை மட்டும் எப்படி ஒரே பார்வையில சரின்னு சொன்ன?" என்று கணவர் கேட்பார். "அன்னிக்கு எனக்கு லீவு" என்பார் அக்கா.

அக்காவுக்கு ஓர் அண்ணன் உண்டு. கட்டட வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார், பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. யாரோ நாலு பேர் சேர்ந்து செய்த, அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு பிரவுசரைத்தான் பிடிவாதமாக வைத்திருக்கிறார். கறுப்புத் திரையில் மஞ்சள் எழுத்து, கட்டைவிரல் பருமனுக்கு. அக்காவின் நிறுவனம் செய்த பக்கத்தில் கண் டாக்டரிடம் நேரம் வாங்குவதும் அதில்தான். "அந்தப் பெரிய பிரவுசர்ல எழுத்தைப் பெருசாக்குனா பட்டன் எங்கியோ ஓடிப்போயிடுது. இதுல சொன்ன பேச்சு கேக்குது" என்பார். ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் கைபேசிக் கம்பெனி தன் சொந்த பிரவுசரையே முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிடும். அண்ணன் தடவித் தடவி அதை ஓரங்கட்டுவார். "யாரையும் கேக்காம நானே பண்றது இது ஒண்ணுதான். இதையும் புடுங்கிடாதீங்க" என்று ஒருமுறை தங்கையிடம் சொன்னார். அக்கா மறுநாளே ஒரு பழைய கைபேசியில் அந்த பிரவுசரைப் போட்டு, அலுவலக மேஜை வரிசையின் கடைசியில் வைத்துவிட்டார்.

போன வாரம் மேனேஜர் அந்த மேஜைக்கு வந்தார்.

"இனிமே ஒரே பிரவுசர் போதும்க்கா. எல்லாரும் அதுலதான் இருக்காங்க. ஊரோட ஒத்துப் போவோம்."

"எல்லாரும் அதுல இருக்காங்கன்னா, மத்த கதவையெல்லாம் நம்மள மாதிரி ஆளுங்க சாத்திக்கிட்டே வர்றோம்னு அர்த்தம்."

"எனக்கும் தெரியும்க்கா. அவ்வளவு பெரிய பிரவுசர் கம்பெனிகிட்ட யாரு மல்லுக்கு நிக்கிறது?"

அவர் கெட்டவர் இல்லை. மேலே இருப்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். மற்ற பிரவுசர்களில் திறந்தால் இனி 'இந்த பிரவுசரில் இயங்காது' என்ற அறிவிப்பு மட்டும்தான் வர வேண்டும். அது எல்லாவற்றிலும் தவறாமல் வருகிறதா என்று பார்க்கும் வேலையும் அக்கா தலையிலேயே விழுந்தது. கதவு திறக்கிறதா என்று இத்தனை காலம் பார்த்தவர், சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று உலுக்க வேண்டும்.

அன்று அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தண்ணீர் பிடிக்கப் போய் பாட்டிலைக் காலியாகவே கொண்டுவந்தார். தூசியே இல்லாத மேஜையைத் துடைத்தார். பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்தார். எல்லாவற்றிலும் அறிவிப்பு வந்தது. பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எதிரே 'சரி' என்று பதிந்தார்.

கடைசியாக அண்ணனுடைய பிரவுசர். அறிவிப்பு வரவில்லை. கறுப்புத் திரையில் மஞ்சள் எழுத்தோடு பக்கம் பளிச்சென்று திறந்துகொண்டது. தடுக்க வேண்டியவற்றின் பெயர்களை எழுதியவர்கள் இதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை போலிருக்கிறது.

பிழைதான். சந்தேகமே இல்லை. மகள் படித்த கல்லூரியின் வெப்சைட்டில் இருந்த பிழையை, அவள் கெஞ்சியும் கேட்காமல் முதல்வருக்கே எழுதி அனுப்பியவர் அக்கா. கண்ட பிழையை மறைத்ததாக அவர் வாழ்க்கையில் ஒரு நாளும் இல்லை. இதை எழுதினால் சாயங்காலத்துக்குள் அடைத்துவிடுவார்கள்; அடுத்த தடவை அண்ணன் யார் வீட்டுக் கதவையாவது தட்ட வேண்டும். மேஜைக்கு அடியில் கால் தறிகெட்டு ஆடியது.

"என்னக்கா, எல்லாம் மூடிடுச்சா?" என்று மேனேஜர் தன் அறை வாசலிலிருந்து கேட்டார்.

"பாத்துட்டேன் சார். எல்லாம் சரி."

கடைசி வரியிலும் 'சரி' என்று பதிந்தார். அந்தப் பழைய கைபேசியை மட்டும் வரிசையிலிருந்து எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினார். மூடிய ஜிப்பை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார்.