இரட்டை முனை ஊசி

என் மனைவிக்கு அவள் ஆய்வுக்கூடத்தில் ஊசிக்காரி என்று பெயர். ஊசிமுனையால் தொட்டும் தொடாமலும் வருடி, ஒற்றை மூலக்கூறின் உருவத்தைப் படமெடுப்பது அவள் வேலை. ஆனால் வீட்டில் பொத்தான் தைக்க நூல் கோக்கச் சொன்னால் கண்ணாடியைத் தேடுவாள். நான் பேருந்து ஓட்டுகிறவன். இந்த விஷயமெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் அவள் சொல்லித்தான் தெரியும்.

அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

"சமையல்காரர்கிட்ட முடிவைச் சொல்லிட்டேன்" என்றாள்.

சமையல்காரர் என்பது அவள் வைத்த பட்டப்பெயர், ஆள் வேதியியல்காரர். ஆறு வருடம் குடுவையே கதியென்று கிடந்து, ஏழு வளையங்கள் கொண்ட மூலக்கூறு ஒன்றை உண்டாக்கியிருந்தார். இவள் எடுத்த படத்திலோ ஒவ்வொரு வளையத்தையும் ஒட்டி இன்னொரு விளிம்பு தெரிந்தது. நீங்கள் நினைத்த பொருள் இது இல்லை என்று சொல்லிவிட்டாள். மனிதர் எதிர்த்துப் பேசவில்லையாம். மறுநாள் பத்து மணிக்கு, அதைப் பற்றிப் பத்திரிகைக்கு அனுப்பிய கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதிவிடுகிறேன் என்றாராம்.

"நாலு வார்த்தை திட்டியிருந்தாக்கூட நிம்மதியா இருந்திருக்கும்."

மறுநாள் எனக்கு விடுமுறை. ஏழு மணிக்கு அவளைக் கொண்டுபோய் விட்டேன். "உட்காருங்க, காலை மட்டும் ஆட்டாதீங்க, படம் ஆடும்" என்று ஒரு நாற்காலி போட்டாள். பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

பழைய படத்தைத் திறந்தவள், மூலக்கூறை விட்டுவிட்டு ஓரத்தைப் பார்த்தாள். அங்கே தனித்தனியாக ஒட்டிக் கிடக்கும் வாயு மூலக்கூறுகள் ஒற்றைப் புள்ளியாகத்தான் தெரிய வேண்டும். அவையும் இரண்டிரண்டாக, ஒரே பக்கம், ஒரே இடைவெளியில் இருந்தன.

"ஐயையோ, ஊசிக்கு ரெண்டு முனை! எல்லாத்தையும் ரெண்டு தடவை காட்டியிருக்கு!"

செம்புத் தகட்டில் ஊசியை லேசாகக் குத்தி எடுத்து முனையைச் சரிசெய்தாள். மறுபடி படம் வரிவரியாக இறங்கியது. ஒன்பதே முக்காலுக்கு ஏழு வளையங்களும் தேன்கூட்டு அறைகள்போல் சுத்தமாகத் தெரிந்தன.

"மெஷின் கோளாறுன்னு சொல்லிடேன்" என்றேன். அவள் முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டேன். சமையல்காரருக்குப் போன் போட்டாள்.

"சார், எழுதிடாதீங்க. தப்பு என்னோடது. ஊசியைச் சரிபார்க்காம சொல்லிட்டேன். உங்க ஏழு வளையமும் அப்படியே இருக்கு."

ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது.

"வயித்துல பாலை வார்த்தீங்கம்மா. இருங்க, என் வீட்டுக்காரி ராத்திரியெல்லாம் அழுதிருக்கா. அவகிட்டயும் ஒரு தடவை சொல்லிடுங்க."

என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு முதலிலிருந்து ஆரம்பித்தாள், தன் தப்பையும் விடாமல்.