தினை என்று எனக்குப் பெயர் வைத்தவள்

பச்சை அட்டை போட்ட நோட்டு அது. கணக்குப் பாடத்துக்கென்று பள்ளியில் இலவசமாகக் கொடுத்தது. என் மாமன் மகள் அதில் ஒரு கணக்கும் போட்டதில்லை, நாவல் எழுதினாள். நாவல் என்ற சொல் எங்கள் வாயில் அப்போது ஏது? "கத எழுதுறேன்டி, பெரிய கத" என்பாள். ஜவ்வாது மலையில் ஒரு பெண்கள் விடுதியில் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தோம். சாயங்காலம் தண்ணீர்த் தொட்டி மேடையில் உட்கார்ந்து அவள் படிப்பாள். அவள் தட்டையும் சேர்த்துக் கழுவிக்கொண்டே நான் கேட்பேன். கதை கேட்பதற்கு அதுதான் கூலி.

இன்று நான் போளூரில் ஒரு நூலகத்தில் வேலை பார்க்கிறேன். உலகம் பாழாய்ப் போனபின் நடக்கிற கதைகளைப் பள்ளிப் பிள்ளைகள் தேடி வருகிறார்கள். காவல், கட்டுப்பாடு, எதிர்த்து நிற்கிற ஒரு பெண். அந்தப் புத்தகங்களை எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம் அந்தப் பச்சை நோட்டு நினைவுக்கு வருகிறது. இதையெல்லாம் படிக்காமலே எழுதியவள் ஒருத்தி இருந்தாள் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

அவள் கதையில் மலையைச் சுற்றி வேலி. கீழே எல்லா ஊரும் எரிந்துவிட்டது, இறங்கினால் சாவு என்று ஒலிபெருக்கியில் ஒரு குரல் தினமும் சொல்லும். பதினாறு வயது முடிந்ததும் கழுத்தில் ஒரு தகரத் துண்டு கட்டுவார்கள். அதில் என்ன வேலை எழுதியிருக்கிறதோ அதைத்தான் சாகும்வரை செய்ய வேண்டும். ஆட்களுக்கு எங்கள் கொல்லையில் விளைகிற தானியங்களின் பெயர்.

சாமை வாயாடி. எதற்கும் பத்துக் கேள்வி கேட்பாள், பயம் வந்தால் சிரிப்பாள். அது என் மாமன் மகளேதான், கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டாள். தினை பேசவே மாட்டாள், கையை நீட்டிவிட்டுத்தான் யோசிப்பாள். வேலியில் கைவைத்த முதல் ஆள் அவள். மூன்றாவது ஆள் வரகு. அவனிடம்தான் வேலிக் கதவின் சாவி. நல்ல பையன், தன் கஞ்சியை அடுத்தவனுக்கு ஊற்றிக் கொடுப்பவன். ஆனால் யாரும் தன்மேல் முகம் சுளிக்கக் கூடாது அவனுக்கு. நாளைக்குத் திறக்கிறேன், நாளைக்குத் திறக்கிறேன் என்றே பக்கம் பக்கமாக ஓட்டுவான். "கெட்டவன் யாருடி இதுல?" என்று ஒருநாள் கேட்டேன். "கெட்டவன் இன்னாத்துக்கு? சும்மா இருக்கறவன் ஒருத்தன் போதும்" என்றாள். பதினைந்து வயதில் இதைச் சொன்னாள். எனக்கு அப்போது புரியவில்லை, தட்டில் ஒட்டிய சோற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

தினை நான்தான் என்றாள். குளியலறையில் புகுந்த சாரைப் பாம்பை நான் வாலைப் பிடித்து வெளியே வீசியிருந்தேன், அதற்காக. எனக்குத் தலைகால் புரியவில்லை. சாமையை வேலிக்கு அந்தப் பக்கம் தினைதான் கொண்டுபோய்ச் சேர்ப்பாள், அதைப் பொங்கல் லீவு முடிந்து வந்து எழுதுவேன் என்றாள்.

பொங்கலுக்குப் போனவளை வீட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். பக்கத்து ஊரில் முப்பது வயதுக்காரன், நல்ல நிலம், தை முடிவதற்குள் கல்யாணம். மாப்பிள்ளை பார்த்ததே என் அப்பாதான். நான் விடுதிக்குக் கிளம்பிய அன்று புளியமரம் வரை கூடவே வந்தாள். "டீச்சர்கிட்ட மட்டும் சொல்லுடி. அவங்க ஜீப் எடுத்துனு வந்துடுவாங்க. நீ சொல்லுவ, எனக்குத் தெரியும்" என்றாள். சிரித்தாள். பயம் வந்தால் சிரிப்பவள்.

டீச்சர் என்றது விடுதி வார்டனை. கீழேயிருந்து வந்தவர், கண்டிப்பானவர், சொன்னால் நிச்சயம் வந்திருப்பார். அன்று மாலையே என்னைக் கூப்பிட்டு, "இன்னாடி, அவ எங்க?" என்று கேட்டார். உண்மை தொண்டை வரை வந்தது. கூடவே அப்பாவின் முகமும் வந்தது. சொன்னால் போலீஸ் வரும், முதலில் பிடிப்பது அப்பாவைத்தான். ஊர் எங்கள் வீட்டை ஒதுக்கி வைக்கும். "அவளுக்கு அம்மை போட்டிருக்கு டீச்சர்" என்றேன்.

ஒரு நாள் தள்ளிப்போட நினைத்துச் சொன்னதுதான், சத்தியமாக. ஆனால் அம்மை என்று சொன்னபின் எங்கள் பக்கத்தில் யார் அந்த வீட்டுக்குப் போவார்கள்? வாசலில் வேப்பிலை சொருகிய வீட்டில் வெளியாள் காலை வைப்பதில்லை. டீச்சர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "மூணு தண்ணி ஊத்தட்டும், அதுவரைக்கும் அங்க போறது தப்பு" என்றார். காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று சொல்லியிருந்தால் மறுநாளே ஜீப்பில் ஏறியிருப்பார். ஜீப்பையே நிறுத்துகிற பொய்யாகப் பார்த்துச் சொல்லிவிட்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்று தினமும் படுத்தேன். மூன்றாம் தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டிய நாளுக்கு முன்பே அவளுக்குத் தாலி ஏறிவிட்டது.

பாம்பைப் பிடிக்கிற தைரியம் வேறு, பெற்றவன் முகத்துக்கு நேரே நிற்கிற தைரியம் வேறு. மற்ற எல்லோரையும் அச்சாக எழுதியவள் என் விஷயத்தில் மட்டும் ஏமாந்துபோனாள். நான் தினை இல்லை, வரகு. அவளுக்கு ஆள் தெரியும் என்றால் அதையும் தெரிந்திருக்க வேண்டாமா என்று சில நாள் அவள்மேலேயே கோபம் வரும். வெட்கம்கெட்ட கோபம்.

அதன்பின் பார்த்துக்கொண்டபோதெல்லாம் சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள், நானும் ஒதுங்கியே இருந்தேன். போன மாதம் போளூர் பஸ் ஸ்டாண்டில்தான் தனியாக மாட்டினேன். புளி விற்றுவிட்டு மலைக்கு வண்டி பார்த்து நின்றாள். முன்பல் ஒன்று இல்லை, என் வயதுதான் அவளுக்கும். பக்கத்தில் மகள் மூட்டையைக் காலால் அணைத்து நின்றாள். அதே நெற்றி, அதே கண். வருகிற தையில் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமாம். வயசைக் கேட்டேன். "பதினாறு வருது" என்றாள்.

பிறகு சாதாரணமாக, டீ வேணுமா என்று கேட்பதுபோல், "ஏன்டி, நீ அன்னிக்கு டீச்சர்கிட்ட சொன்னதானே?" என்று கேட்டாள்.

"சொன்னேன்" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். "அவங்கதான் வரல" என்று சேர்த்தும் சொன்னேன்.

தலையை ஆட்டினாள். "தெரியும். ஜீப் சத்தம் கேக்குறப்பல்லாம் வாசலுக்கு ஓடியாந்தேன். ரேஷன் ஜீப்பு, மரக்காரன் ஜீப்பு, எல்லாத்துக்கும் ஓடியாந்தேன். அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். அதான் இவள அஞ்சாவதோட நிறுத்திட்டேன். படிச்சிட்டு, எவனோ வருவான்னு காத்துனு கெடக்கறதுக்கு ஒண்ணும் தெரியாமயே போறது மேலு."

அந்தப் பெண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தைக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. மலைக்குப் போகும் பஸ் வந்தது. மூட்டையின் ஒரு முனையை நான் பிடித்துத் தூக்கி உள்ளே ஏற்றிவிட்டேன்.