சிவப்புக் கட்டத்துக்குள் கவ்ஸர்

பாய்ந்து வரும் மினிபஸ்ஸை ஒற்றை விரலால் நிறுத்துகிறார் ரிஃபாத். பின்னோக்கி ஓட்டுகிறார். இறங்கிப் போனவரை மறுபடி ஏற்றிக்கொண்டு முன்னால் விடுகிறார். சாலையில் அல்ல, திரையில். மன்சூரா நகரின் நாற்சந்தி ஒன்றில் கம்பத்தின் மேல் குந்தியிருக்கும் கேமரா அனுப்பும் படத்தை எங்கள் கம்பெனியில் சரிபார்ப்பது அவருடைய உத்தியோகம்.

மென்பொருள் ஒவ்வொரு வண்டியையும் ஒரு கட்டத்துக்குள் அடைத்து, அது வந்த வழியையும் இனிப் போகப்போகும் வழியையும் வண்ணக் கோடாக இழுக்கும். இரண்டு கோடுகள் மோதிக்கொள்ளும் என்று பட்டால் கட்டம் சிவக்கும். சிவந்தது மெய்யான ஆபத்தா, பொய்யா என்று தீர்ப்பு வழங்கும் நீதிபதி ரிஃபாத். ஃப்ரிட்ஜ் ஏற்றிய கழுதை வண்டியை மென்பொருள் ‘பேருந்து’ என்று பதவி உயர்த்தும். இவர் வருத்தத்துடன் பதவி இறக்குவார். கழுதையிடம் விளக்கம் எதுவும் கேட்கப்படுவதில்லை.

இஸ்திரி கலையாத சட்டை, பையில் இரண்டு பேனா, எழுத ஒன்றுமில்லை. நூலிழையில் தப்பியவர்களையே நாளெல்லாம் பார்த்துப் பார்த்து, சாலையைக் கடக்கும் திறமை அவரைக் கைவிட்டுவிட்டது. எதிர்ச்சாரிக்குப் போக டாக்ஸி பிடிப்பார். “எங்க போகணும்?” என்று ஓட்டுநர் கேட்டால், கூச்சமே இல்லாமல் விரலை நீட்டி, “அதோ, அந்த மருந்துக்கடைக்கு” என்பார்.

ரமலான் வந்தால் அவருக்குச் சோதனைக் காலம். பொழுது சாய்ந்து நோன்பு திறக்கும் மஃரிப் பாங்கு நெருங்க நெருங்க, ஊரே வீட்டைப் பார்த்துப் பறக்கும். நேரத்தில் போய்ச் சேர முடியாதவர்களுக்காகத் தெருக்காரர்கள் பேரீச்சம்பழமும் புளி சர்பத்தும் தட்டில் ஏந்தி, ஓடும் வண்டிகளுக்கு நடுவே பாய்வார்கள். மென்பொருளுக்கு இந்தப் புண்ணியம் புரியாது. கலவரம் மூண்டுவிட்டதாக எண்ணித் திரை முழுக்கச் சிவந்துவிடும். ரிஃபாத் ‘பொய்’, ‘பொய்’ என்று தட்டிக்கொண்டே போவார். கலவரத்தின் தளபதி அவர் மனைவி கவ்ஸர் அம்மையார்.

நேற்றைய படத்தில் ஒரு வெள்ளை மினிபஸ் அம்மையாரின் தட்டை உரசிக்கொண்டு போனது. கோப்பை உருண்டது. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த ஜன்னலுக்குள் கையை நீட்டிவிட்டார். ரிஃபாத் அந்தக் காட்சியை ஓட்டி ஓட்டிப் பார்த்தார். எத்தனை முறை ஓட்டினாலும் இடைவெளி அகலவில்லை.

அந்தச் சந்தியில் ‘மெய்’ என்று ஒன்று விழுந்தாலும் அறிக்கையில் இரும்பு வேலி கேட்டுவிடுவதாக மேலாளர் ஷெரீஃப் சொல்லியிருந்தார். வேலி வந்தால் தெருவின் தர்மம் அவ்வளவுதான். ‘பொய்’ என்று போட்டால், அம்மையார் இன்றும் அப்படியே இறங்குவார்.

ரிஃபாத் வீட்டில் இந்தப் பேச்சை எடுத்திருக்கிறார். பதில் வந்த விதத்தை அவரே எனக்கு நடித்துக் காட்டினார்.

“உங்க மெஷினு என்னிக்காவது நோன்பு வச்சிருக்கா, உஸ்தாத்? தொண்டை வறண்டவன் மூஞ்சி அதுக்கு எப்படித் தெரியும்?”

“மூஞ்சி தெரியாது, கவ்ஸர். பஸ்ஸு எங்க வரும்னு தெரியும்.”

“அப்ப எழுதுங்க. வேலி வந்தப்புறம் அந்த மெஷினோடவே உக்காந்து நோன்பு தொறங்க.”

பிற்பகல் முழுவதும் கட்டம் திரையில் சிவந்து நின்றது. ஷெரீஃப் இருமுறை பின்னால் வந்து கனைத்தார். மூன்றாவது கனைப்புக்கு முன் ரிஃபாத் ‘மெய்’யை அழுத்தினார். வேலிக்குப் பதிலாக, பாங்கு நேரத்தில் எல்லாப் பக்கமும் சிவப்பு விளக்கு போடலாம் என்று குறிப்பும் சேர்த்தார். பிறகு, ‘மெய்னு போட்டுட்டேன்’ என்று மனைவிக்குச் செய்தி அனுப்பினார். பார்த்துவிட்டதற்கான அடையாளம் மட்டும் வந்தது.

பாங்கு நேரம். எல்லோரும் சூப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ரிஃபாத் மட்டும் திரையை விட்டு நகரவில்லை. நேரடிப் படத்தில் கவ்ஸர் தட்டோடு நடைபாதை விளிம்பில் நின்றார். வலது பக்கம் ஒரு மினிபஸ், வேகம் குறையாமல். அதன் கோடு நீண்டு நீண்டு அவருடைய கட்டத்தைத் தொட்டது. கட்டம் சிவந்தது. கவ்ஸர் ஒரு காலைச் சாலையில் வைத்தார்.

“எறங்காத” என்றார் ரிஃபாத், திரையிடம், ரகசியம் போல. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. எங்கள் கரண்டிகள் பாதி வழியில் நின்றன.

கவ்ஸர் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். மினிபஸ் அவரைக் கடந்து போய், கிறீச்சிட்டு நின்றது. நின்ற பிறகே கவ்ஸர் சாலையில் இறங்கி, ஓட்டுநரிடம் சர்பத்தைக் கொடுத்தார். கூடவே ஏதோ திட்டும் கொடுத்தார் என்பது கை அசைவிலேயே தெரிந்தது. பிறகு கம்பத்தடிக்கு வந்தார். தட்டில் மிஞ்சியிருந்த பழத்தை எடுத்து, கேமராவைப் பார்த்துக் கையை எட்டினமட்டும் உயர்த்தினார்.

“யாருய்யா அந்தம்மா, கேமராவுக்குப் பழம் ஊட்டறது?” என்றார் ஷெரீஃப்.

ரிஃபாத் திரைக்கு மிக அருகில் குனிந்து, வாயைத் திறந்தார்.